மேமடைக்கு முதல் தண்ணி

"...அதையும் அங்கன போயிச் சொல்லிட்டு வாங்க. நம்ம கிணத்துலயும் மேக்காட்டுக்காரகதான் முதல்ல மோட்டாரப் போடுறாக, கீக்காட்டுக்கு மிச்சந்தான் போகுதுன்னு ஒளிக்காமச் சொல்லுங்க."

பேச்சின் பாதியிலிருந்துதான் என் காதில் விழுந்தது. முன்பாதியை வேன்காரரின் ஹாரன் முழுங்கிவிட்டது. வேன் வீட்டு வாசலில் நின்றது. உள்ளே பச்சைத் துண்டு போட்ட ஆட்கள், சுருட்டி வைத்த பேனர், ஒரு அண்டா எலுமிச்சைச் சோறு. எல்லாரும் கேரள எல்லைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். மலையில் உடைந்து கிடக்கிற, ஓடையை இந்தப் பக்கம் திருப்பிவிட்ட பழைய சுவரைக் கட்ட வழிவிடுங்கள் என்று கேட்கப் போகிற கூட்டம் அது. கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசுகிறவர் என் சிநேகிதர். அவரிடம்தான் அவர் வீட்டம்மா, நிலைப்படியில் நின்றபடி, குரலைக் கூட்டாமல் இதைச் சொன்னார். வேனுக்குள் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். கேட்காத மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

அந்தம்மா புருசனை எதிர்த்து நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்ததே கிடையாது. எதனால் அப்படிப் பேசினார் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கிணற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எனக்கு விருதுநகரில் மிளகாய் வத்தலும் மல்லியும் வாங்கி விற்கிற சின்னக் கடை. அத்தா விட்டுப்போனது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பொட்டலம் கட்ட வந்த பேப்பரைப் படித்தே எழுத்துக் கூட்டப் பழகினேன். படிப்பு இல்லாத குறைக்கோ என்னவோ, ஆட்கள் பேசுகிறதைக் கேட்பதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒருத்தர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைக்கு வியாபாரம் ஆகாவிட்டாலும் எனக்கு வயிறு நிறைந்துவிடும். அதற்காகவே கடையைத் தம்பிமார் கையில் விட்டுவிட்டு காடு காடாகச் சுற்றுவேன். வத்தல் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்வது.

அப்படிப் பழக்கமானவர்கள்தான் இந்த இரண்டு பங்காளிகளும். தாயில்பட்டிக்குத் தெற்கே, வைப்பாற்றுக்கு ஓரமாக, பக்கத்துப் பக்கத்துக் கரிசல்காடு. கூடப் பிறந்த இரண்டு பேரின் மகன்கள். மூத்தவரை நான் மாப்ள என்பேன், அவரும் என்னை மாப்ள என்பார். அந்த முறைக்கு அவர் வீட்டம்மா எனக்குத் தங்கச்சி ஆனார். இளையவர் என்னை மச்சான் என்று கூப்பிடுவார். நான் தொழுகிறவன், அவர்கள் பொங்கல் வைக்கிறவர்கள். எங்கள் பக்கத்தில் இந்த முறைப்பேச்சுக்கு அதெல்லாம் குறுக்கே வராது.

மூத்தவர் காடு மேற்கே, கொஞ்சம் மேடு. இளையவர் காடு கிழக்கே, சரிவு. நடுவில் கிணறு. இரண்டு அப்பன்மாரும் சேர்ந்து வெட்டினது. ஒரே மோட்டார், ஒரே தொட்டி, தொட்டியிலிருந்து இரண்டு மடை. மேமடையைத் திறந்தால் மேக்காட்டுக்குப் போகும். கீமடையைத் திறந்தால் கீக்காட்டுக்குப் போகும். பங்கு வைத்தவர்கள் ஒரு முறை வைத்துவிட்டுப் போனார்கள். மோட்டார் ஓடுகிறதுக்கான த்ரீபேஸ் கரண்ட் வருகிற நேரத்தில் முதல் பாதி மேமடைக்கு, பின்பாதி கீமடைக்கு. நேரம் சமபாதி. அதில் ஒருநாளும் ஒருத்தரும் ஒருத்தரை ஏமாற்றியது கிடையாது. மூத்தவர் தன் நேரம் முடிகிறதுக்குக் கொஞ்சம் முன்னாலேயே மடையை மாற்றிவிட்டு, "ஏலே, உன் தண்ணி வருது, வாலே" என்று கூப்பிடுவதை நானே கேட்டிருக்கிறேன்.

கிணற்றில் தண்ணீர் முழுக்க நல்ல தண்ணியாக இருந்தவரைக்கும் இது நேர்மையான பங்குதான். முதல் தண்ணியும் தண்ணி, கடைசித் தண்ணியும் தண்ணி.

பிறகு உப்பு வந்தது. எப்போது வந்தது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆற்றில் மணல் போனதும் வந்தது என்பார்கள் சிலர். கண்மாய் நிறையாமல் போனதும் வந்தது என்பார்கள் சிலர். சுற்றிலும் போர் போட்டுப் போட்டு அடியில் கிடந்ததைக் கிளப்பிவிட்டார்கள் என்பது இளையவருடைய கட்சி. அண்ணன்காரர் கையைத் தூக்கி மலையைக் காட்டுவார். மேற்கு மலையில் அந்தப் பக்கமாக விழுகிற ஒரு ஓடையை, முன்னோர்கள் காலத்தில் கல்சுவர் வைத்து இந்தப் பக்கம் திருப்பியிருந்தார்கள். ஒரு பெருவெள்ளத்தில் சுவர் உடைந்தது. சுவர் இருக்கிற மலைச்சரிவு கேரளத்தைச் சேர்ந்தது. எங்கள் வீட்டு ஆண்கள் மீசை முளைத்து நரைக்கிற காலம் வரைக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருக்கிறது, சுவர் உடைந்தபடியே கிடக்கிறது. அந்தத் தண்ணி வந்தால் கண்மாய்கள் நிறையும், கண்மாய் நிறைந்தால் ஊற்று இனிக்கும். இது மூத்தவர் கணக்கு. தப்பென்று சொல்ல நான் யார்.

கிணற்றில் என்ன ஆயிற்று என்றால், ராத்திரி முழுக்க மேல்மண்ணில் ஊறி வருகிற கொஞ்சம் நல்ல தண்ணி மேலாக நிற்கும். உப்புத் தண்ணி கனம். அது அடியில் கிடக்கும். காலையில் மோட்டாரைப் போட்டால் முதலில் வருவது நல்லது. இழுக்க இழுக்க அடியில் கிடப்பது மேலே ஏறி வரும். ஆக, நேரம் சமபாதி, தண்ணி சமபாதி இல்லை. மேமடைக்கு நல்ல தண்ணி. கீமடைக்கு உப்பு.

இளையவர் இதைச் சொன்ன விதம் எனக்கு மறக்காது. "மச்சான், அண்ணன் போடுறப்ப வர்றது தண்ணி. நான் போடுறப்ப வர்றது ரசம். அதும் சின்னப் புள்ள உப்புப் போட்ட ரசம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற அளவில்தான் இருந்தது.

எனக்கு விசயம் உறைத்தது கடையில் வைத்துத்தான். இரண்டு பேர் மூட்டையும் ஒரே வண்டியில் வந்து இறங்கும். அவிழ்த்துக் கொட்டினால் எப்போதும் இது யாருது அது யாருது என்று எனக்குத் தெரியாது; சாக்கில் எழுதியிருக்கிற எழுத்தைப் பார்த்துத்தான் பிரிப்பேன். அந்த வருசம் சாக்கைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் வத்தல் கருஞ்சிவப்பு, கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை சலசலவென்று பேசியது. தம்பி வத்தல் கூனிப்போய், ஒரு பக்கம் வெளுத்து, விதை இல்லாமல் தக்கையாகக் கிடந்தது. தரையில் இரண்டு குமியும் பக்கத்தில் பக்கத்தில். இளையவர் ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளிக்கொண்டே நின்றார். பிறகு, "ஒரு கிணத்துப் புள்ளைகன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான், இல்ல மச்சான்" என்றார்.

அன்றைக்குத்தான் அவர் என்னிடம் கேட்டார். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கீமடைக்கு முதல் தண்ணி வேண்டும், அவ்வளவுதான். மண்ணில் ஏறிவிட்ட உப்பைக் கழுவி இறக்க வேண்டுமென்றால் நல்ல தண்ணி பாத்தியில் நிற்க வேண்டுமாம்; விவசாய ஆபீசில் சொன்னார்களாம். ஜிப்சம் போட்டாகிவிட்டது, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதாகிவிட்டது. இனி வேண்டியது தண்ணிதான். இன்னும் ஒரு வருசம் இப்படியே உப்பைப் பாய்ச்சினால் காடு காடாக இருக்காது. அண்ணனிடம் தானே கேட்க அவருக்கு நாக்கு எழும்பவில்லை. அப்பா போனபிறகு அவரை ஆளாக்கினது அண்ணன்தான். கல்யாணம் ஆகிற வரைக்கும் மதினி கையால்தான் சோறு. "நான் கேட்டா அது சண்ட. நீங்க கேட்டா அது யோசன" என்றார்.

நான் போனேன். மூத்தவர் வரப்பில் உட்கார வைத்து வரக்காப்பி வாங்கிக் கொடுத்தார். சுற்றி வளைத்துச் சொன்னேன். என் வழக்கம்போல ரெண்டு வேடிக்கைக் கதை சொல்லி, நடுவில் இதை வைத்தேன். அவர் கெட்டிக்காரர், கதையை ஒதுக்கிவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"தம்பி சொல்லி வந்தீகளா, நீங்களா வந்தீகளா?"

நானாக வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. கோபப்படவும் இல்லை.

"மாப்ள, அவன் வீட்டுல அரிசி இல்லன்னா எங்க வீட்டுல உலை ஏறாது. அவன் மகளுக்குச் சடங்குன்னா நான் முன்னால நிப்பேன். என் சட்டையக் கேளுங்க, கழட்டித் தாரேன். தண்ணிய மட்டும் கேக்காதீக."

பிறகு எழுந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய் மேக்காட்டின் ஒரு மூலையைக் காட்டினார். பாத்தி ஓரத்தில் பொடிப்பொடியாக வெள்ளை பூத்திருந்தது. ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கினார். முதல் தண்ணி பாய்கிற தன் காட்டுக்கே உப்பு வந்துவிட்டதை அவர் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நொறுக்கினதை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மேமடைக்கு முதல் தண்ணி என்பது இரண்டு அப்பன்மாரும் வைத்த முறை, அதை நான் மாற்றினால் நாளைக்கு இந்தப் பக்கத்தில் இருக்கிற பங்குக் கிணறு அத்தனையிலும் அடிதடி வரும் என்றார். மலைத் தண்ணி வந்துவிடட்டும் என்றார். கண்மாய் நிறைந்து வழிந்து நாலு தடவை மறுகால் போனால் கிணறு முழுக்க நல்ல தண்ணிதான், அப்புறம் யார் முதலில் போட்டால் என்ன என்றார். அவர் பேசுகிறதைக் கேட்டால் மலைத் தண்ணி ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து நிற்கிற மாதிரியே இருக்கும்.

தம்பியிடம் போய், அண்ணன் யோசிக்கிறார் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பேச்சு எடுத்தார்.

அதற்கடுத்த சீசனில் தம்பி வீட்டம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் இளையவரும். முதலில் காட்டில் வேலை இல்லாத நாளுக்கு மட்டும் என்றார். காலையில் கம்பெனி வேன் வந்து கூப்பிட்டுக்கொண்டு போகும். சாயங்காலம் திரும்புகிறபோது கை முழங்கை வரைக்கும் வெள்ளி பூசின மாதிரி மினுமினுக்கும். பேன்சி ரகத்துக்குப் போடுகிற அலுமினியத் தூள். ஒருநாள் மேகம் திரண்டு வந்தது. நான் பழக்கத்தில், மழை வரும்போல, நல்லது என்றேன். அவர் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்கய்யா இந்த மேகத்தப் பாத்தா துண்ட எடுத்து வீசுவாரு மச்சான். எனக்கு இப்ப ஒரு நாக் கூலி போச்சேன்னு இருக்கு. மழன்னா கம்பெனி லீவு. நானும் மழ வேண்டாங்குற கட்சிக்கு மாறிட்டேன்."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். ஆட்கள் சொல்கிறதைச் சேர்த்துச் சேர்த்து வைத்திருப்பவன் நான். இந்த வார்த்தையைச் சேர்த்துவைக்க எனக்கு இடம் இல்லை.

அந்த வருசம்தான் மூத்தவரோடு நான் முதல் தடவை எல்லைக்குப் போனேன். சும்மா வாங்க மாப்ள, மலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். எல்லைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் பந்தல் போட்டிருந்தார்கள். பேச்சு, கோஷம், மனு. மனுவை வாங்கிக்கொள்ள இரண்டு பக்கமும் அதிகாரிகள் வந்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். மத்தியானம் கூட்டம் சாப்பிடுகிற நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சாவடியைத் தாண்டி ஒரு சாயாக்கடையில் போய் உட்கார்ந்தோம். கடைக்காரருக்கு எங்களைப் பார்த்ததுமே எதற்கு வந்தோம் என்று தெரிந்துவிட்டது. சண்டை போடவில்லை. பழம்பொரி வைத்தார். அவர் தங்கச்சியைக் கீழ்நாட்டில், காயல் ஓரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறாராம். தமிழும் மலையாளமும் கலந்து அவர் சொன்னதை எனக்கு முடிந்தவரை எழுதுகிறேன். அவர் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணி, பாடம் என்றால் நெல்வயல், ஓர்ம என்றால் ஞாபகம், அத்ரதன்னெ என்றால் அவ்வளவுதான்.

"வேனலில் ஆத்துல வெள்ளம் குறஞ்சா கடலு மேலே கேறி வரும் சேட்டா. தங்கச்சியோட பாடத்துல நெல்லு முழுக்க உப்பு கேறிக் கரிஞ்சு போயி. இங்கேருந்து வெள்ளம் அங்கோட்டுத் திருப்பணும்னு நிங்ஙள் பறயுன்னு. திருப்பினா எனிக்குத் தங்கச்சி ஓர்ம வருது. அத்ரதன்னெ."

மூத்தவர் டம்ளரை வாயில் வைத்தபடி நின்றுவிட்டார். "அங்கேயுமா உப்பு" என்று என்னைப் பார்த்துக் கேட்டார், ஏதோ நான் அங்கேயிருந்து வந்தவன் மாதிரி.  அந்த நேரத்தில் அவர் மனசில் என்ன ஓடியது என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. காசு கொடுத்துவிட்டு வெளியே வந்ததும், கடலில் வீணாகப் போகிற தண்ணிக்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள் மாப்ள என்றார். குரலில் காலையில் இருந்த வேகம் இல்லை.

ஆனால் பந்தலுக்குத் திரும்பினதும் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மைக் பிடித்தால் அவர் வேறு ஆள். அன்றைக்கு அவர் பேசினதில் ஒரு இடம்:

"மேல இருக்கவுக வேணுங்கற மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்த விடுவோம்னா, கீழ இருக்கவன் குடிக்கிறது தண்ணியா, உப்பா? மேல இருக்கம்ங்கறது ஒரு எடம். அது ஒரு உரிமயா?"

கைதட்டு அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே கை தானாக நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் தோன்றினதாகத் தெரியவில்லை. சத்தியமாகப் பேசினார். கண்ணில் தண்ணி நின்றது.

யாரோ அதை போனில் எடுத்து அனுப்பிவிட்டார்கள். ரெண்டு நாளில் சாத்தூர் பக்கம், வெம்பக்கோட்டைப் பக்கம் எல்லா போனிலும் அதுதான். நான் வத்தல் மூட்டை ஏற்றுவதற்காகத் தாயில்பட்டி டீக்கடையில் நிற்கும்போது கம்பெனி வேன் வந்து ஆட்களை இறக்கியது. இளையவரும் இறங்கினார். கூட வேலை பார்க்கிற ஒருத்தர், உங்க அண்ணனைப் பார்த்தீர்களா என்று போனை நீட்டினார். மினுமினுக்கிற கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணன் நல்லாப் பேசுதாரு" என்றார். "நம்ம கிணத்தடியில வந்து ஒரு நா இதே பேச்சப் பேசட்டும். நானும் பச்சத் துண்டு போட்டுக்கிட்டுப் பின்னாலயே போறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒருத்தன், மடையில ஒரு மைக் கட்டுங்கய்யா என்றான். அதற்கும் சிரித்தார்கள். டீயைக் குடிக்காமலே அவர் கிளம்பிவிட்டார்.

அந்தப் பேச்சை என் தங்கச்சியும், அதாவது மூத்தவர் வீட்டம்மாவும், பார்த்தார் என்று பிறகு தெரிந்தது. கொழுந்தன் பெண்டாட்டிதான் காட்டியிருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் குடிதண்ணிக் கேன் ஒரே ஆட்டோவில் வரும். இரண்டு பேரும் ஒன்றாக நின்று இறக்குவார்கள். அப்படி ஒருநாள், "ஒங்க வீட்டுக்காரக பேசுறாக பாருங்க அக்கா" என்று போனை நீட்டினாராம். பார்த்து முடிந்ததும் போனை வாங்கிக்கொண்டு, தன் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். அதற்குப் பிறகு அந்தப் பெண் கேன் இறக்க வேறு நேரத்தில் வர ஆரம்பித்திருக்கிறார். அடுப்படிக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர் வாசலோடு நிற்க ஆரம்பித்து, பிறகு வாசலுக்கும் வரவில்லை. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் யாராவது சமாதானம் பேசலாம். நடக்காத சண்டைக்கு யார் என்ன பேசுவது.

இளையவர் மட்டும் விடவில்லை. காட்டில் இன்னொரு தடவை நாற்று வைத்தார். பருத்தி போடு, உப்பைக் கொஞ்சம் தாங்கும் என்று நானே சொல்லிப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை மச்சான், வத்தல் வரவில்லை என்றால் விட்டுவிடுகிறேன் என்றார். கம்பெனிக்குப் போகிறதுக்கு முன்னால் விடியற்காலையில் குடத்தில் முகந்து நாற்றுக்கு ஊற்றினார். கிணற்றில் மேலாக நிற்கிற தண்ணியைக் குடத்தில் எடுத்தால் முறையில் சேராது. மோட்டார் போட்டால்தானே முறை. இதைக்கூட அண்ணன் பார்த்துவிடுவாரோ என்று அவசரம் அவசரமாக ஊற்றினதாக அவரே சொன்னார். அண்ணன் பார்த்திருந்தாலும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

குடத்துத் தண்ணி நாற்றுக்குப் போதும், காட்டுக்குப் போதாது. செடி எழும்பினதும் மோட்டார் தண்ணிதான். இலை ஓரம் தீய்ந்த மாதிரி காய்ந்து சுருண்டது. பூ வைத்தது, வைத்த பூ உதிர்ந்தது. ஒருநாள் நான் போனபோது கீக்காடு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. தூரத்திலிருந்து பார்க்க யாரோ கோலமாவைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. அவர் செடியைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு சாயங்காலம் என் கடைக்கு வந்தார். மூட்டை இல்லாமல் அவர் என் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு கம்பெனிக்காரர் காட்டைக் கேட்கிறாராம். பட்டாசு காய வைக்கிற களத்துக்கு.

"ஒண்ணும் மொளைக்காத எடமாத்தான் அவுகளுக்கு வேணுமாம் மச்சான். புல்லு மொளச்சா காஞ்சு தீப்புடிக்குமாம். எங்காட்டப் பாத்துட்டு, இதவிடத் தோதான எடம் கெடைக்காதுன்னுட்டாக. எங்காட்ட ஒருத்தர் நல்ல எடம்னு சொல்லி நான் இப்பத்தான் கேக்கேன்."

அண்ணனிடம் சொல்லிவிட்டாயா என்றேன். பத்திர எழுத்து முடிகிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். மதினிக்கும் தெரியாது. அவருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமோ என்று அவரே கேட்டுக்கொண்டு, வேண்டாம், அழுவாக என்று அவரே பதில் சொல்லிக்கொண்டார்.

இதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் அந்த வேன் காலை. இரண்டாம் தடவையும் எல்லைக்கு வாருங்கள் என்று மூத்தவர் கூப்பிட்டிருந்தார். முதல் பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். வீடு மேக்காட்டு ஓரத்திலேயே இருக்கிறது. வாசலில் நின்றால் கிணறும் இரண்டு காடும் தெரியும். அவர் குளித்துக்கொண்டிருந்தார். தங்கச்சி காப்பி கொண்டுவந்து கொடுத்து, "சாப்பிட்டீகளா அண்ணே" என்று கேட்டுவிட்டு, கீக்காட்டுப் பக்கம் பார்த்தபடியே, கொழுந்தன் ஏன் இன்னும் உழவு போடவில்லை, உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. களத்துக்குக் கொடுக்கப் போகிறார் என்று சொன்னேன். வருகிற வாரம் எழுத்து என்றும் சொன்னேன்.

 தங்கச்சி, நான் குடித்து முடிக்காத டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.  வேன் வந்தது. ஆட்கள் ஏறினார்கள். மூத்தவர் வெள்ளைச் சட்டை, பச்சைத் துண்டோடு வெளியே வந்து, பேனரை எடுத்தாயிற்றா, சோத்துக்கு ஊறுகாய் எடுத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே வேன் படியில் ஒரு காலை வைத்தார். அப்போதுதான் தங்கச்சி நிலைப்படிக்கு வந்து, நான் முதலில் எழுதின அந்தப் பேச்சைப் பேசினார்.

மூத்தவர் காலை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப எதுக்கு இந்தப் பேச்சு. ஆளுக காத்துக் கெடக்காக."

"கீக்காட்டக் களத்துக்குக் குடுக்காகளாம். அண்ணே சொல்றாக."

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பச்சைத் துண்டின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு கீக்காட்டைப் பார்த்தார். இளையவர் வீடு பூட்டிக் கிடந்தது. புருசனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போய்விட்டார்கள். வேனுக்குள்ளேயிருந்து யாரோ, நேரமாகுது மாமா, ஏறுங்க என்றார்கள். மோட்டார் அறையில் த்ரீபேஸ் விளக்கு எரிந்தது. முதல் பாதி, மேமடை நேரம். மேக்காட்டில் செடி தண்ணிக்குத் தலை தொங்கி நின்றது.

தங்கச்சி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்த மம்பட்டியை எடுத்தார். எங்களைத் தாண்டி, வேனைச் சுற்றிக்கொண்டு, கிணற்றடிக்குப் போனார். மோட்டாரைப் போட்டார். தொட்டி நிறைகிறதுக்குள் மேமடையில் நாலு மம்பட்டி மண்ணை வெட்டிப் போட்டு மிதித்து அடைத்தார். கீமடையைத் திறந்துவிட்டார். அந்த நாளின் முதல் தண்ணி சரிவில் இறங்கியது. அவர் தண்ணிக்கு முன்னால் நடந்துகொண்டே, ஒரு செடிகூட இல்லாத அந்த வெள்ளைப் பாத்திகளை ஒவ்வொன்றாக மம்பட்டியால் திறந்துவிட்டுக்கொண்டு போனார்.